லாயாங் லாயாங் பொனிஃபாஸ்

வேலையாட்கள் ஏறும் லிஃப்டுக்குள் அந்த விளம்பரத்தை யாரோ கோணலாக ஒட்டியிருந்தார்கள். அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த பிரேமலா அதைப் பார்த்ததும் பொத்தானை அழுத்த மறந்துவிட்டாள். மஞ்சள் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒரு கிழவர். ஒரு கையில் மைக், மறு கையில் ஊன்றுகோல். பாப்பா முகெண்டி, கொங்கோ நாட்டுப் பாடகர். அறுபது ஆண்டுகளாக ஆப்பிரிக்காவை ஆட வைத்தவர் என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை இதே ஹோட்டலின் பெரிய மண்டபத்தில் கச்சேரி.

"என்னா அக்கா, லிஃப்டு ஏறலயா?" என்று கூட வந்த ராஜம்மா கேட்டாள். "யாரு இந்தக் கெழவரு? தெரிஞ்சவரா?"

"தெரியும். எங்க வீட்டுல பதினஞ்சு வருசம் பாடுனாரு," என்றாள் பிரேமலா.

ராஜம்மா சிரித்தாள். பிரேமலா சிரிக்கவில்லை.

மலேசியாவின் ஜொகூர் பாருவில் அந்த ஹோட்டலுக்கு அவள் வேலைக்கு வந்து மூன்று வருடம் இருக்கும். அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு மேற்பார்வையாளர். அதிகம் பேசாதவள் என்று பெயர். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி. ஆனால் புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை வராது. மற்ற பெண்கள் ஆளுக்கொரு கதை கட்டி வைத்திருந்தார்கள். கதைகளில் எல்லாம் புருஷன் ஓடிப்போயிருந்தான்.

அவள் பிறந்தது லாயாங் லாயாங் என்ற சின்ன ரயில் ஊரில். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இவள் வேலைக்குப் போகும் வயது வந்தபோது தோட்டம் முழுக்க எண்ணெய்ச் செம்பனையாகி, வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். இவள் சீருடை மாட்டிக்கொண்டு கூலாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனாள். அங்கே பஸ் நிற்குமிடத்தில்தான் பொனிஃபாஸ் கசோங்கோ அவளிடம் ஸ்கூடாய்க்கு எந்த பஸ் என்று கேட்டான். கின்ஷாசாவிலிருந்து கணினி படிக்க வந்தவன். சேர்ந்த தனியார் கல்லூரி ஒரே வருடத்தில் கதவைச் சாத்திவிட்டது. ஊருக்குப் போக முகமில்லாமல் நண்பர்களின் அறையில் தங்கிக் கிடந்தான். மறுநாளும் வந்து அதே பஸ்ஸைக் கேட்டான். அதற்கு மறுநாளும் கேட்டான்.

"இன்னுமா பஸ்ஸு தெரியல?" என்று பிரேமலா மலாயில் அதட்டினாள்.

"பஸ் தெரியும். உன் பேர்தான் தெரியல," என்றான் அவன், அப்போதுதான் கற்றுக்கொண்ட மலாயில்.

விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் அண்ணன் கனகராஜ் லாரியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு வந்து கத்தினார். "ஊரே சிரிக்கும்டி! அவன் நெறத்தப் பாத்தியா?"

"நம்மள மட்டும் என்ன சுண்ணாம்புலயா செஞ்சாங்க? கண்ணாடியப் போயி பாருங்கண்ணே."

அதோடு அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். பதிவுத் திருமணத்துக்கு அவர் வரவில்லை. பிறகு ஒரு சின்ன மாரியம்மன் கோயிலில் பொனிஃபாஸ் தாலி கட்டினான். அவன் ஆசைக்காகக் குளுவாங்கில் தேவாலயத்துக்கும் போய் ஆசி வாங்கினார்கள். லாயாங் லாயாங்கிலேயே ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு பலகை வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். அவன் கார் கழுவும் கடையில் வேலை செய்தான். வருடா வருடம் அவனுக்கு இங்கே தங்குவதற்கான பாஸைப் புதுப்பிக்க வேண்டும். அந்த ஒரு வாரம் மட்டும் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது. மற்றபடி நல்ல வாழ்க்கைதான்.

லீவு நாளில் பொனிஃபாஸ் பாப்பா முகெண்டியின் பாட்டைப் போடுவான். அந்தப் பாட்டுகள் ஒவ்வொன்றும் நீளம். முதல் பாதி தாலாட்டுப் போல மெதுவாகப் போகும். பிறகு பாட்டு நின்று கிட்டார்கள் வேகம் எடுக்கும். ஆட்டம் அங்கேதான் தொடங்கும். அந்த வேகத்தின் நடுவே பாடகர் ஆட்களின் பெயர்களை ஊரோடு சேர்த்துக் கூவுவார். நண்பர்கள், வேண்டியவர்கள், தூர தேசத்தில் இருக்கிறவர்கள். அந்தப் பாட்டில் தன் பெயர் ஒரு தடவை வந்துவிட வேண்டும் என்பது அவர்கள் ஊரில் எல்லாருக்கும் இருக்கும் ஆசையாம். பொனிஃபாஸ் தட்டுக் கழுவிக்கொண்டே இடுப்பை ஆட்டி, தானே கூவுவான். "பிரேமலா! லோஷினி! கனகராஜ் மச்சான்!"

"அந்த ஆளு பேர ஏன் இழுக்கிறீங்க? நம்ம வாசப்படிகூட மிதிக்காதவரு."

"மிதிக்காட்டியும் மச்சான் மச்சான்தான் லா."

மகள் லோஷினிக்கு மூன்று வயதிருக்கும்போது ஒரு சந்தேகம் வந்தது. அந்தத் தாத்தாவுக்கு ஏன் பாப்பா என்று பெயர்? தன்னையல்லவா எல்லாரும் பாப்பா என்று கூப்பிடுகிறார்கள்? எங்கள் ஊரில் பாப்பா என்றால் அப்பா என்று பொனிஃபாஸ் விளக்கினான். அன்றிலிருந்து மகளும் அவனைப் பாப்பா என்றாள். பிரேமலா அடுப்படியிலிருந்து "பாப்பா, சாப்பிட வா" என்றால் இரண்டு பேரும் ஓடி வருவார்கள்.

2020 பிப்ரவரியில் அவனுடைய அம்மா படுத்த படுக்கையாகிவிட்டதாகத் தகவல் வந்தது. ஒரு மாதத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அம்மாவை அடக்கம் செய்து முடிக்கவும் இங்கே எல்லையை மூடவும் சரியாக இருந்தது. அடுத்த சில மாதங்களில் பாஸும் காலாவதியானது. குடிநுழைவு அலுவலகத்துக்குப் பிரேமலா நடையாய் நடந்தாள். காத்திருக்கச் சொன்னார்கள். அவன் அங்கே ஆற்றுப் படகுகளில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனான். நெட்வொர்க் கிடைக்கும் ஊர்களில் இறங்கும்போதெல்லாம் கூப்பிட்டான். "வந்துருவேன், பிரேமா. கதவத் தெறந்தா மொத ப்ளேன்ல நான்தான்."

மறு வருடம் ஜூனில் அழைப்புகள் நின்றன. அவன் எண்ணைப் போட்டால் தொடர்பில் இல்லை என்று ஒரு பெண் பிரெஞ்சில் சொன்னாள். ஒரு மாதம், பிறகு ஒரு வருடம். எல்லை திறந்தது. விமானங்கள் வந்தன. அவன் வரவில்லை.

ஊர் அதற்குள் முடிவு கட்டிவிட்டது. "அங்க ஒருத்தி இல்லாமலா இருப்பா?" என்று கடையில் அவள் காதுபடவே பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்து தப்பிக்கத்தான் பிரேமலா மகளைக் கூட்டிக்கொண்டு ஜொகூர் பாருவில் ஒரு ஃப்ளாட்டுக்குக் குடிவந்தாள்.

லோஷினிக்கு அப்பாவின் முடி, அப்பாவின் உதடு. பள்ளியில் அவளுக்குச் சூட்டிய பட்டப்பெயர்களை அவள் வீட்டில் சொன்னதில்லை. அப்பா இருந்தவரை அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அதையெல்லாம் தாங்கிவிட்டாள். அவன் போன பிறகு, இந்த முகத்தைத் தன்னிடம் விட்டுவிட்டு ஆள் தப்பித்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. முடியை நேராக்கிக்கொண்டாள். படங்களைச் சுவரிலிருந்து கழற்றினாள். இப்போது இருபது வயது. தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை. வீட்டில் எது உடைந்தாலும், எது தவறிப்போனாலும், அதற்கு அப்பாவைத்தான் திட்டுவாள்.

கச்சேரியைப் பற்றிப் பிரேமலா சொன்னபோதும் அதுதான் நடந்தது. "நீ வேணா போ. போயி ஆடு. விட்டுட்டு ஓடுனவனுக்காக உக்காந்து அழு. என்னைக் கூப்பிடாத."

சனிக்கிழமை மத்தியானம் பாப்பா முகெண்டி ஹோட்டலுக்கு வந்தார். சக்கர நாற்காலியில் வைத்துத்தான் அறைக்குக் கொண்டுபோனார்கள். சற்று நேரத்தில் முட்டிக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர் வேண்டும் என்று அறையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். பிரேமலாவே வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

அவர் படுக்கை ஓரத்தில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி இல்லாத முகம் மிகவும் கிழடாக இருந்தது. பிரேமலா வாளியை வைத்துவிட்டு, புருஷனிடம் கற்ற வணக்கத்தைச் சொன்னாள். "ம்போட்டே, பாப்பா."

கிழவர் தலையைத் தூக்கினார். இவ்வளவு தூரத்து ஊரில், பொட்டு வைத்த ஒரு பெண்ணின் வாயிலிருந்து தன் மொழி வந்ததை அவரால் நம்ப முடியவில்லை. எங்கே கற்றுக்கொண்டாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். முட்டியில் துண்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே சொன்னாள். கடைசியில், நாளைக்குப் பாட்டு நடுவில் தன் புருஷன் பெயரைக் கூப்பிடுவீர்களா என்று கேட்டாள். மண்டபத்துக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவருக்காவது அவரைத் தெரிந்திருக்கலாம்.

"இருக்கிறானா, இல்லையா?" என்று கேட்டார் கிழவர்.

"தெரியாது, பாப்பா."

"அப்படியானால் இருக்கிறவனாகவே கூப்பிடுகிறேன்," என்றார். பெயரை அவளைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி முணுமுணுத்துப் பார்த்தார். தனக்கு இப்போதெல்லாம் மறதி அதிகம் என்றார். லாயாங் லாயாங் என்ற பெயர் மட்டும் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பாட்டிலேயே போடலாம் போல இருக்கிறது என்று சொல்லிப் பல் இல்லாத வாயால் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் பாதிகூட நிறையவில்லை. கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த ஆப்பிரிக்க மாணவர்கள், வேலையாட்கள், சில குடும்பங்கள். பளபளக்கும் சட்டைகள், இறுகக் கட்டிய தலைத்துணிகள். பிரேமலா சீருடையோடு பின்கதவை ஒட்டி நின்றாள்.

பாப்பா முகெண்டியை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முதல் பாட்டில் குரல் எழும்பவே இல்லை. உச்சிக்குப் போக வேண்டிய இடத்தில் அவர் மைக்கை விலக்கிக்கொள்ள, பின்னால் நின்ற இளைஞன் பாடி நிரப்பினான். முன்வரிசையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் குரலைத்தான் பொனிஃபாஸ் அத்தனை வருடம் வீட்டில் போட்டுக் கேட்டான் என்று பிரேமலா நினைத்துக்கொண்டாள். இரண்டாவது பாட்டில் கிட்டார்கள் வேகம் எடுத்தன. கிழவர் பெயர்களைக் கூவினார். எதுவும் அவளுக்கு வேண்டிய பெயர் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. மறந்துவிட்டார் என்று முடிவு செய்து, மேலே வேலையைப் பார்க்கப் போகலாம் என்று கதவில் கை வைத்தாள்.

அப்போது அவளுக்கு மனப்பாடமான பாட்டு தொடங்கியது. கதவிலிருந்து கையை எடுத்துவிட்டாள். மெதுவான பாதி முடிந்து கிட்டார்கள் பாய்ந்தன. கிழவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். "பொனிஃபாஸ்! பொனிஃபாஸ் கசோங்கோ! லாயாங் லாயாங்! லாயாங் லாயாங்!"

ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஊர்ப்பெயர் பிடித்துப்போய் அவர்களும் சேர்ந்து கூவினார்கள். மண்டபமே அந்தச் சின்ன ரயில் ஊரின் பெயரைச் சொல்லி ஆடியது. பிரேமலா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஆடாமல் நின்ற ஒரே ஒரு ஆளை அவள் அப்போதுதான் கவனித்தாள். சாம்பல் நிறச் சட்டை போட்ட, நடுவயதுக்காரர். கூவிய கிழவரையே வெறித்துப் பார்த்துவிட்டு, யாரையோ தேடுவது போல மண்டபம் முழுக்கக் கண்ணை ஓட்டினார்.

பிரேமலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனாள். "பொனிஃபாஸத் தெரியுமா? நான்தான் அவர் மனைவி," என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவர் அவளை வெளியே வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். பெயர் தியெரி. கோலாலம்பூரில் ஒரு மொழிப் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிறார். பொனிஃபாஸின் சொந்தத் தெருக்காரர். சுவரோரம் கிடந்த நாற்காலியில் அவளை உட்கார வைத்துவிட்டு, தான் நின்றுகொண்டே இருந்தார்.

"உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்று மலாயில் கேட்டார்.

அந்தக் கேள்வியிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. இருந்தாலும், "என்ன சொல்லணும்?" என்றாள்.

2021 ஜூனில் அவன் வேலை பார்த்த சரக்குப் படகு ஆற்றில் கவிழ்ந்தது. அளவுக்கு மேல் ஆளும் மூட்டையும் ஏற்றியிருந்தார்கள். தப்பியவர்கள் சிலர்தான். தண்ணீரிலிருந்து எடுத்தவர்களை அந்தக் கரையிலேயே புதைத்தார்கள். அவனுடைய தம்பி போய்ச் சட்டையை வைத்து அடையாளம் காட்டினான். போன் ஆற்றோடு போயிற்று. மலேசியாவில் பெண்டாட்டி பிள்ளை இருப்பது எல்லாருக்கும் தெரியும். எந்த ஊர், என்ன எண் என்று யாருக்கும் தெரியாது.

"அப்ப அவரு எங்கள விட்டுட்டுப் போகல," என்றாள் பிரேமலா, தமிழில். தியெரிக்குப் புரியவில்லை. அவள் மொழிபெயர்க்கவும் இல்லை.

அழுகை வரவில்லை. அதற்குப் பதிலாக, அவளுக்கே அருவருப்பான ஒரு நிம்மதி வந்தது. அவனுக்கு அங்கே இன்னொருத்தி இல்லை. ஊர் சொன்னது பொய். அந்த நிம்மதி போன பிறகுதான் மற்றது ஏறி வந்தது. நான்கு வருடமாகத் தினமும் பொட்டு வைக்கும்போது அவன்மேல் கோபப்பட்டது, காய்ச்சலில் படுத்தபோது சபித்தது, எல்லாம் இறந்துபோன ஒரு ஆளை. தியெரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே அடுத்த பாட்டுக்கு எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பாப்பா முகெண்டியிடம் அவள் சொல்லவில்லை. கச்சேரி முடிந்து லிஃப்டுக்குக் கொண்டுவந்தபோது அவர் சக்கர நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்தார். அவளைப் பார்த்ததும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். மறக்காமல் கூப்பிட்டேன் பார்த்தாயா என்ற சந்தோஷம். பிரேமலா கையைக் கூப்பிவிட்டு நகர்ந்துகொண்டாள்.

லோஷினியிடம் மறுநாள் சாயங்காலம் சொன்னாள். அவள் வேலையிலிருந்து வந்து, குளித்து, தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கேட்டு முடித்ததும் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"எப்ப?"

"ஜூன் மாசம். கடைசியா நம்மகிட்ட பேசுன அதே வாரம்."

"அப்ப இத்தன நாளா நான் செத்தவரயா திட்டிக்கிட்டு இருந்தேன்?"

பிரேமலா பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டாள். லோஷினி உதறிவிட்டாள். "ஏம்மா சொன்ன? ஏன் போயி தேடுன? எங்கயோ யாரு கூடவோ நல்லா இருக்காருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்ல. என்னைக்காவது வருவாரு, வந்தா மூஞ்சிக்கு நேரா கேக்கணும்னு வச்சிருந்தேன்ல. அதையும் கெடுத்துட்டியே!"

தட்டு அப்படியே கிடக்க, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செய்தி எப்படியோ லாயாங் லாயாங்குக்குப் போனது. அடுத்த சனிக்கிழமை கனகராஜ் வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. தங்கை வீட்டுக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. "முறைப்படி கருமாதி செஞ்சுரணும்மா. நான் முன்ன நின்னு செய்யிறேன். மச்சான்னு ஒரு கடமை இருக்குல்ல," என்றார்.

"இருக்கும்போது ஒரு தடவ வந்திருக்கலாம்ண்ணே. அவரே காப்பி போட்டுக் குடுத்திருப்பாரு."

கனகராஜ் குனிந்துகொண்டார். சரி, உன் இஷ்டம் என்று சொல்லிப் போனார். அவரை அனுப்பிய பிறகு, அவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பிரேமலாவுக்குத் தோன்றியது. ஆனால் போன் செய்யவில்லை. கருமாதி செய்யவில்லை, குளுவாங் தேவாலயத்தில் ஒரு பூசை மட்டும் வைத்தாள். தாலியை அவளே கழற்றி அலமாரியில் வைத்தாள். ஹோட்டலில் கழுத்தைப் பார்த்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ராஜம்மா மட்டும் துணி மடிக்கிற அறையில் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

லோஷினி அதற்குப் பிறகு அப்பாவைத் திட்டுவதில்லை. குழாய் உடைந்தபோதும் திட்டவில்லை. மோட்டார் சைக்கிள் பாலத்தின் நடுவில் நின்றுபோன அன்றும் திட்டவில்லை. ஓவர்டைம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிச் செய்தாள். வீட்டில் இருக்கும் நேரம் குறைந்தது. திட்டுவதற்காவது அந்தப் பெயர் இத்தனை நாள் வீட்டுக்குள் புழங்கிக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் நின்றுவிட்டது.

இரண்டு மாதம் கழித்துத் தியெரி ஒரு படம் அனுப்பினார். ஊருக்குப் போன யாரோ அந்தக் கரையில் எடுத்தது. காலை வேளை, லோஷினி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பிரேமலா போனை அவளிடம் நீட்டினாள்.

புல் மண்டிய மேட்டில் மரச்சிலுவைகள் வரிசை வரிசையாக நின்றன. எதிலும் பெயர் இல்லை. பின்னால் ஆறு சேற்று நிறத்தில் அகலமாகக் கிடந்தது. லோஷினி விரலால் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு சிலுவையாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள்.

"இதுல அப்பா எதும்மா?"

"தெரியலம்மா. அவரு தம்பிக்கும் மறந்துபோச்சாம்."

லோஷினி இன்னொரு தடவை முதலிலிருந்து பார்த்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.